காப்பாற்றப்பட்டவர் வாய் திறக்கலாகாது

நின்றுபோன லிஃப்டை வழிக்குக் கொண்டுவர எட்டு நிமிஷம் போதும். மொட்டைமாடிக்கு ஏற மூன்று, மெயின் சுவிட்சை அணைக்க ஒன்று, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற மூன்று, கதவைச் சாவி போட்டுத் திறந்து "வாங்க, பயப்படாதீங்க" என்று சொல்ல ஒன்று. லிஃப்ட் மெக்கானிக் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்துவந்தார். யாரும் அவருக்குக் கை தட்டியதில்லை. வெளியே வந்ததும் முதல் வேலையாக அவரைத்தான் திட்டுவார்கள். அதுவும் வேலையோடு சேர்த்தி என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் ஏழாவது மாடிக் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் எதையும் எண்ணாமல் விடாத பெண்மணி.

"தம்பி, மெதுவாவே வாங்க. உள்ள காத்து இருக்கு, கையில புத்தகம் இருக்கு" என்று கதவிடுக்கு வழியே குரல் கொடுத்தார்.

மெக்கானிக் மேலே ஏறி, சுவிட்சை அணைத்து, சக்கரத்தில் கை வைக்கப் போன நேரம், கயிறு தானாக ஆடியது. விறைத்து மேலே போனது. தொய்ந்து கீழே வந்தது. மறுபடி மேலே போனது. கீழிருந்து டீச்சரின் அலறல் கேட்டது. மெக்கானிக் தலைதெறிக்க ஓடி இறங்கினார். ஏன் இரண்டு தடவை என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை.

ஐந்தாவது மாடியில் இரும்புத்தோளர் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வருவதுதான் அவருடைய சிறப்பு என்று ஊரெங்கும் இருந்த விளம்பரப் பலகைகள் சொல்லும். அதிமானிடர் நன்னடத்தை வாரியத்தில் பதிவு பெற்றவர். ஒரு கையால் பஸ்ஸைத் தூக்குவார். இன்னொரு கையால், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். சாவி போட்டால் திறக்கிற கதவு பிய்ந்து மூலையில் கிடந்தது. கூட வந்த படக்காரர் கேமராவை மூடி வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. டீச்சரைக் கைகளில் ஏந்தியபடி இரும்புத்தோளர் வெளிச்சம் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். டீச்சரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அந்தப் பகுதியைப் படத்திலிருந்து நீக்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து மெக்கானிக்குக் கடிதம் வந்தது. மனைவி உரக்கப் படித்தாள்.

"'மேற்படி மீட்பு நிகழக் காரணமாயிருந்த பராமரிப்புக் குறைபாட்டுக்காகத் தங்கள் தொழில் உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இனி எந்த லிஃப்டையும் தொடுவது குற்றமாகும்.' என்னங்க இது? நீங்களா காரணம்?"

"நான் சக்கரத்தத் தொடக்கூட இல்லம்மா."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி தொட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் போனில் சுருக்கமாகப் பேசினார். "இருபத்தாறு லிஃப்டு உங்க பேர்ல இருக்கு. மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸோட வாங்க. இல்லேன்னா வேற ஆள் போட்டுருவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க." லிஃப்டைத் தவிர வேறெதையும் மெக்கானிக்குத் தொடத் தெரியாது. வீட்டு மிக்சியைத் தொட்டு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாரிய அலுவலகம் ஆறு மாடிக் கட்டடம். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கிழவர் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். அவரும் அதிமானிடர்தான். எதிரே இருப்பவர் பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். பணியில் சேர்ந்த முதல் நாள் வாரியக் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள்; இரண்டாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று அவர் கேட்டார்.

"என் மேல தப்பில்லைன்னு சொல்ல வந்திருக்கேன்."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றீங்க" என்றார். பிறகு மிகுந்த இரக்கத்தோடு, "அப்ப ரொம்ப நேரம் ஆகும். டோக்கனைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்றார்.

உள்ளே புகார் கவுண்டரில் இருந்த அம்மாள் காலத்தை நிறுத்தக்கூடியவர். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தச் சக்தியை அவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பயன்படுத்தினார். மதியம் ஒன்று பத்துக்கு நிறுத்துவார். சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, ஸ்வெட்டரில் நாலு வரிசை பின்னி முடித்தபிறகுதான் ஒன்று பதினொன்று ஆகும். அவர் மேசையடியில் இருபது ஸ்வெட்டர் இருந்தது.

"நீங்க காப்பாற்றப்பட்டவரா?"

"இல்லைங்க. லிஃப்டு மெக்கானிக்."

"அப்ப புகார் குடுக்க முடியாது. விதி பதினொண்ணு. காப்பாற்றப்பட்டவங்களுக்குத்தான் புகார் உரிமை."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் அவர் டீச்சரை ஆட்டோவில் அழைத்துவந்தார். காலில் மாவுக்கட்டு, இரண்டு கையிலும் ஊன்றுகோல். டீச்சர் தன் கையாலேயே நாலு பக்கம் புகார் எழுதியிருந்தார். பத்திகளுக்கு எண் போட்டிருந்தார்.

கவுண்டர் அம்மாள் அதைத் தொடவே இல்லை. "விதி பன்னிரண்டு. காப்பாற்றப்பட்டவர் காப்பாற்றினவர் மேல புகாரோ நடவடிக்கையோ எடுக்க முடியாது. எடுத்திருந்தா அது தானாவே செல்லாது. நன்றி கெட்ட காரியம் பாருங்க."

"அப்ப யாருதான் புகார் குடுக்கிறது?" என்று டீச்சர் கேட்டார்.

"முப்பது வருஷமா ஒரு புகார்கூட வந்ததில்லைம்மா" என்றார் அம்மாள் பெருமையாக.

டீச்சர் விதிப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

புகாரை ஏற்கவில்லையே தவிர, உரிமம் போனவரை நேரில் விசாரிக்க விதியில் இடம் இருந்தது. தேதி குறித்தார்கள். விசாரணை அறையில் மூன்று நாற்காலிகள். நடுவில் வாரியத் தலைவர். பிறர் மனதைப் படிப்பவர். வலப்பக்கம் இரும்புத்தோளர். அவர் மீதான விஷயத்தில் அவரே உறுப்பினராக இருப்பது எப்படி என்று மெக்கானிக் மனதுக்குள்தான் நினைத்தார்.

"வேற யாருக்கு நடந்தது தெரியும்?" என்று தலைவர் வாய்விட்டே பதில் சொன்னார்.

இடப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத உறுப்பினருடையது. ஒன்பது வருஷமாக அவர் ஒரு கூட்டத்துக்கும் தவறியதில்லை என்று வருகைப் பதிவேடு சொல்கிறது. எதையும் அவர் எதிர்த்ததும் இல்லை. அவர் முன்னால் வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஐயா, கயிறு நல்ல கயிறுங்க" என்று மெக்கானிக் தொடங்கினார். "போன மாசம்தான் மாத்தினேன். லிஃப்டு நின்னது கரண்டு போனதால. இவரு வராம இருந்திருந்தா டீச்சரம்மா எட்டு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிருப்பாங்க. என் மனசுல பொய் இருக்கான்னு நீங்களே பாருங்க."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "இல்ல. நீங்க சொல்றது அத்தனையும் உண்மை."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப லைசென்ஸு..."

"மனசுல இருக்கிற உண்மையை ஆவணமா ஏத்துக்க விதி இல்லையே. காகிதத்துல குறைபாடுன்னு இருக்கு. காகிதத்துக்கு மனசு கிடையாது. அதை நான் எப்படிப் படிக்கிறது?" தலைவர் முன்னால் சாய்ந்தார். "பெரியவங்களை நம்பணும். எங்க அதிமானிடர்கள் எல்லாரும் நன்னடத்தைச் சான்று பெற்றவங்க. யாரு குடுத்தாங்க? நாங்கதான். அவங்களைப் பத்தி எங்களவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. தெரிஞ்சும் குடுத்திருக்கோம்னா, எங்க மனசு எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க."

மெக்கானிக் வாயைத் திறக்கப்போனார்.

"உங்க மச்சினரைப் பத்தி நீங்க நினைக்கிறது உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்று தலைவர் அன்போடு விசாரித்தார்.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். அந்த அறையில் முப்பது வருஷமாக எல்லா விசாரணையும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் முடிந்திருக்கிறது.

"தீர்ப்பு நாளைக்கு" என்று தலைவர் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். காலி நாற்காலியும் எழுந்ததாகக் குறிப்பில் எழுதப்பட்டது.

மெக்கானிக் படியிறங்கிக் கீழே வந்து, டீச்சரின் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். மேலே தலைவரும் இரும்புத்தோளரும் கீழே வர லிஃப்டில் ஏறினார்கள். கண்ணுக்குத் தெரியாதவரும் ஏறுவதற்காக ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு இரும்புத்தோளர் பொத்தானை அழுத்தினார். அவர் அழுத்தினால் எப்படி இருக்கும்? பொத்தான் பலகைக்குள்ளே போயிற்று. பலகை சுவருக்குள்ளே போயிற்று. லிஃப்ட் மூன்றாவது மாடிக்குக் கீழே முனகிவிட்டு நின்றது.

லிஃப்டுக்குள்ளிருந்து பேசினால் கீழே காவலாளியின் மேசையிலுள்ள பெட்டியில் கேட்கும். அன்றைக்குக் கூடத்தில் நாற்பது மனுதாரர்கள் காத்திருந்தார்கள். பெட்டி கரகரத்தது.

"உடைச்சுட்டு வெளிய போயா!" இது தலைவரின் குரல்.

"விதி நாலு, தலைவரே. படக்காரர் இல்லாம காப்பாத்தக் கூடாது. இன்னைக்கு அவர் லீவு."

"நீ உன்னையே காப்பாத்திக்கோயேன்!"

"தன்னைத்தானே காப்பாத்திக்கிறது சுயநலம். விதி ஏழு. நீங்க எழுதினதுதான்."

பிறகு தலைவரின் குரல் வேறு மாதிரி வந்தது. சின்ன லிஃப்டுக்குள் அடுத்தவன் மனசு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது.

"இப்ப என்ன நினைச்சே? நான் செத்தா என் நாற்காலி உனக்கா? அடப்பாவி. முதல் படம் தெளிவா விழலைன்னு கயிற்றை விட்டுட்டு ரெண்டாவது தடவை இழுத்தவன்தானே நீ. அந்தக் கிழவி கால் போனது ரெண்டாவதுலதான்."

"தெரிஞ்சுதானே சான்று குடுத்தீங்க?"

"தெரியாம குடுக்க நான் என்ன முட்டாளா? எழுபது பேர் பதிவு பண்ணியிருக்கோம். ஒருத்தன் மனசுலயாவது நல்லதா நாலு வரி படிச்சதில்லை நான். அதனாலதான் நிர்வாகம் சுலபமா நடக்குது. உங்கள்ல ஒரு யோக்கியன் வந்தா அவனை எதை வெச்சுய்யா பிடிக்கிறது?"

கூடத்தில் நாற்பது பேரும் பெட்டியைச் சுற்றி நெருங்கினார்கள். டீச்சர் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை" என்றார் கடைசியில். "நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

மெக்கானிக்குக் கை பரபரத்தது. கோபம் பாதி, மீதி, நின்ற லிஃப்ட் ஒன்று கண்முன்னே இருப்பது. "உள்ளயே கிடக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். "தொட்டாக் குற்றம்னு எழுதிக் குடுத்திருக்காங்க." சொல்லிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் நாலடி வைத்தார்.

"போங்க தம்பி" என்றார் டீச்சர். விதிப் புத்தகத்தில் விரலை நுழைத்து ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார். "நல்லாப் போங்க. எட்டு நிமிஷம்தானே?"

ஏழரை நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஆள் குறைவு, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டை கனம் என்பதால் பிரேக்கைத் தளர்த்தியதுமே லிஃப்ட் தானாக மேலே ஏறத் தொடங்கியது. மூன்றாவது மாடியில் சாவி போட்டுக் கதவைத் திறந்து, "வாங்க, பயப்படாதீங்க" என்றார். தலைவர் வெளியே வந்ததும் முதல் வேலையாக அவரைத் திட்டினார். "உரிமம் இல்லாம லிஃப்டைத் தொட்டிருக்கீங்க. இதுக்குத் தனி நடவடிக்கை உண்டு."

"முடியாதுங்க" என்று கீழிருந்து, படிக்கட்டின் இடைவெளி வழியே, முப்பத்தைந்து வருஷம் வகுப்பை அடக்கிய குரல் ஒன்று வந்தது. "விதி பன்னிரண்டு. காப்பாற்றப்பட்டவர் காப்பாற்றினவர் மேல நடவடிக்கை எடுக்க முடியாது. எடுத்திருந்தா அதுவும் தானாவே செல்லாது. பழைய உத்தரவும் சேர்த்துத்தான். நாற்பது பேர் சாட்சி."

வாரியம் உடனடியாகக் கூடியது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. வெளியே வந்த முடிவு மட்டும் தெரியும். லிஃப்டுக்குள் பேசியது அதிர்ச்சியில் பேசியது, ஆவணமாகாது. ஆனால் விதி விதிதான். அதே சமயம், அதிமானிடர்களைச் சாதாரண மனிதன் காப்பாற்றினான் என்று பதிவேட்டில் எழுத அதில் பத்தியே கிடையாது. ஆகவே மெக்கானிக் இன்றுமுதல் அதிமானிடராகப் பதிவு செய்யப்படுகிறார். சக்தி: சக்கரம் சுற்றுதல். காப்பாற்றப்பட்டவர்கள்: மூவர்.

"ரெண்டு பேர்தாங்க இருந்தாங்க" என்றார் மெக்கானிக். "மூணாவது ஆள் இருந்திருந்தா லிஃப்டு அவ்வளவு லேசா மேல ஏறியிருக்காது."

"லிஃப்ட் சாட்சி சொல்ல விதி இல்லை" என்றார் தலைவர்.

உரிமம் திரும்பி வந்தது. கூடவே ஒரு நீல அங்கியும், ஒரு படக்காரரும், ஒரு படிவமும் வந்தன. அங்கியைப் போட்டுப் பார்த்த மெக்கானிக்கிடம் மனைவி, "சக்கரத்துல மாட்டிக்கும். கழட்டுங்க" என்றாள். படிவத்தை விளக்கக் கவுண்டர் அம்மாளே வந்திருந்தார்.

"மாசத்துக்கு மூணு காப்பாத்தல் காட்டணும் சார்."

"லிஃப்டு நிக்கலைன்னா?"

அம்மாள் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நிப்பாட்டத் தெரியாதா உங்களுக்கு? எல்லாரும் அப்படித்தான் சார் ஆரம்பிச்சாங்க. தண்ணியைப் பிளக்கிறவர் இருக்காரே, அணைக்கட்டு மதகைத் திறந்துவிடறது யாருன்னு நினைக்கிறீங்க? இரும்புத்தோளர்கூட மொத வருஷம் ரொம்ப நல்ல மனுஷன். ரெண்டு மாசம் எண்ணிக்கை குறைஞ்சுது. அப்புறம் கத்துக்கிட்டார்." குரலைத் தாழ்த்தினார். "யாராவது வயசானவங்க தனியா ஏறும்போது நிப்பாட்டினீங்கன்னா படம் நல்லா வரும்."

இது மெக்கானிக்கைத் தைத்தது. அன்று மாலை டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் சக்கரத்தின் பக்கத்தில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினால் போதும். யாருக்கும் தெரியாது. டீச்சர் தினமும் ஐந்து மணிக்கு ஊன்றுகோலோடு மருத்துவரிடம் போய் ஆறு மணிக்குத் திரும்பி வருவார், தனியாக. மணி ஆறாயிற்று. லிஃப்ட் மேலேறும் ஓசை கேட்டது. மெக்கானிக் எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் இருபத்தாறு லிஃப்டுக்கும் எண்ணெய் போட்டார். தேய்ந்த கயிற்றை மாற்றினார். கரண்டு போனால் அடுத்த மாடிக்குப் போய் நிற்க பேட்டரி வைத்தார். படக்காரர் நாலு வாரம் அவர் பின்னாலேயே அலைந்து, கடைசியில் அவர் கருவிப்பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கினார். மாதக் கடைசியில் மெக்கானிக் படிவத்தில் மூன்று கட்டங்களிலும் பூஜ்யம் எழுதி அனுப்பினார்.

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. தங்கள் பகுதியில் லிஃப்ட்கள் தொடர்ந்து நிற்காமல் ஓடுவதற்கான காரணத்தை மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும். மெக்கானிக் இரண்டே சொல் எழுதினார்: "எண்ணெய் போட்டேன்."

மறுபடி விசாரணை அறை. மறுபடி மூன்று நாற்காலிகள். ஆறிய டீ.

"உங்களால ஒரு வட்டாரத்துல விபத்தே இல்லாமப் போச்சு" என்றார் தலைவர். அவர் குரலில் முதன்முறையாகப் பயம் இருந்தது. "எழுபது அதிமானிடர்கள் இருக்காங்க. நாளைக்குத் தீயணைப்புல இருக்கிறவன் கரண்டு கம்பியைச் சரி பார்ப்பான். அணைக்கட்டுக்காரன் மதகுக்குப் பூட்டுப் போடுவான். அப்புறம் நாங்க யாரைய்யா காப்பாத்தறது? நீங்க பண்ணினது நாசவேலை."

"திருடலைங்க. எண்ணெய் கம்பெனி எண்ணெய்தான்" என்றார் மெக்கானிக், எதற்கும் இருக்கட்டுமென்று.

தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. மெக்கானிக்கின் பெயர் அதிமானிடர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது; அவர் செய்த மீட்பும் அதோடு நீங்கியதால் விதி பன்னிரண்டு குறுக்கே வரவில்லை, உரிமம் ரத்தானது. தீயசக்திகள் பதிவேட்டில், மீட்புகளை முளையிலேயே கெடுப்பவர் என்று சேர்க்கப்பட்டார். கண்ணுக்குத் தெரியாத உறுப்பினரும் இசைவு தெரிவித்தார்.

மெக்கானிக் தள்ளாடியபடி கீழே வந்தார். பெஞ்சில் டீச்சர் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"எல்லாம் போச்சு டீச்சர். லைசென்ஸும் போச்சு. கெட்டவன்னும் எழுதிட்டாங்க."

"எந்தப் பதிவேடு?"

"தீயசக்தி."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார். "'விதி எழுபத்தொன்று. தீயசக்தி எனப்படுபவர் யாரெனில், எத்தொழிலையும் எவ்வுரிமமும் இன்றிச் செய்துவருபவர் ஆவார்.' புரியுதா தம்பி? இனிமே உங்களுக்கு லைசென்ஸே வேண்டாம். இங்க அதை ரத்து பண்ணவும் ஒருத்தராலயும் முடியாது." புத்தகத்தை மூடினார். "மேற்பார்வையாளருக்கு ஒரு நகல் எடுத்துக் குடுங்க. நாளைக்கு எங்க லிஃப்டுல சின்னதா ஒரு சத்தம் வருது, அதையும் பாத்துருங்க."

சைக்கிள் ஸ்டாண்டில் கிழவர் டோக்கனை வாங்கிக்கொண்டார். "என்ன ஆச்சு?"

"நான் தீயசக்தியாம்."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, சைக்கிளைத் தன் கையாலேயே வெளியே எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக் ஏறி மிதிக்கும்போது, பின்னாலிருந்து காவலாளி ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"சார், சார், கொஞ்சம் நில்லுங்க. தலைவர் ரெண்டாவது மாடிகிட்ட மாட்டிக்கிட்டாரு. இரும்புத்தோளர் மறுபடி பொத்தானை அமுக்கிட்டாரு. இங்க தீயசக்தி யாராவது இருக்காங்களான்னு சீக்கிரம் பாத்துட்டு வரச் சொன்னாரு."